மனைக்கிழத்தியும் மனையுரிமையும்: ஆனேக்கல் எல்லையை முன்வைத்து ஒரு சட்ட வரலாற்று நோக்கு

மணமான பெண்ணைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுள் பெரும்பாலானவை வீட்டைக் குறிக்கும் அடியினின்று தோன்றியவை. மனைவி, மனையாள், மனையோள், மனைக்கிழத்தி, இல்லாள், இல்லவள், இல்லக்கிழத்தி என இவ்வரிசை நீளும். ஆண்பாற்கு இத்தகைய ஆக்கம் அமையவில்லை. இல்லான் என்பது பொருளற்றவனைக் குறிக்குமேயன்றி இல்லத்தை உடையவனைக் குறிப்பதில்லை. இவ்வேறுபாட்டைப் பெண்மையின் பெருமைக்குச் சான்றாக மேடைகளில் எடுத்துரைப்பது நெடுநாள் வழக்கம். அவ்வாறு உரைப்போர் கிழத்தி என்னும் சொல்லின் பொருளை நின்று நோக்குவதில்லை. கிழமை என்பது உரிமை. கிழத்தி உரிமை உடையவள். எனவே மனைக்கிழத்தி என்பதன் நேர்ப்பொருள் மனையின்மீது உரிமையுடையவள் என்பதாம்.

சொல்லில் இருந்த இவ்வுரிமை நடைமுறையில் இருந்ததா என்பது வேறு வினா. பெண்ணின் வாழ்விடத்தைக் குறிக்கும் பிற சொற்கள் இதற்கு விடை தருகின்றன. அவள் பிறந்த வீடு பிறந்தகம். மணந்து சென்ற வீடு புக்ககம். முன்னது பிறப்பால் பெயர் பெற்றது, பின்னது புகுதலால் பெயர் பெற்றது. உடைமையால் பெயர் பெற்றது எதுவுமில்லை. புக்ககத்தை விட்டுப் பிறந்தகம் மீண்டவளுக்கு வாழாவெட்டி என்று ஒரு பெயர் ஆயத்தமாக இருந்தது. அடிப்பவனுக்கு அத்தகைய நிலைத்த பெயர் ஒன்றும் மொழியில் வழங்கியதாகத் தெரியவில்லை.

வீட்டினுள் துன்புறுத்தப்படும் பெண்ணுக்கான சட்டப் பாதுகாப்பு விரிந்த வரலாற்றைத் தண்டனையின் வரலாறாகவே பலரும் எழுதியுள்ளனர். எச்சட்டம் எத்தனை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது என்பதே அவ்வரலாற்றின் அளவுகோல். அவ்வளவுகோல் போதாது என்பதும், இவ்வரலாற்றின் மையக்கேள்வி அவள் எந்த வீட்டில் இருப்பாள் என்பதே என்பதும் இக்கட்டுரையின் கருத்து. இதனை ஆராய ஆனேக்கல் வட்டம் களமாகக் கொள்ளப்படுகிறது. இவ்வட்டம் பெங்களூரு நகர்ப்புற மாவட்டத்தின் தென்கோடி. அத்திப்பள்ளியைக் கடந்தால் ஜூஜூவாடி, அதற்கப்பால் ஓசூர். எபிகிராஃபியா கர்நாட்டிகாவின் 9ஆம் தொகுதியில் (1905) பி.எல். ரைஸ் பதிப்பித்த பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளுள் தமிழ்க் கல்வெட்டுகளும் உள்ளன. இப்பகுதியில் தமிழ் நேற்று வந்த மொழியன்று. ஆயினும் ஆனேக்கல் மைசூர் சமஸ்தானத்திலும் ஓசூர் சென்னை மாகாணத்துச் சேலம் மாவட்டத்திலும் இருந்தமையால், சில கல் தொலைவில் வாழ்ந்த பெண்கள் இருவேறு சட்டங்களுக்கு உட்பட்டனர். இவ்வேறுபாட்டை அருகருகே வைத்துக் காண்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

மன்றத்து நீதியும் வீட்டு வாயிலும்

பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்பது தொல்காப்பியக் கற்பியல் தரும் செய்தி. திருமணச் சடங்கின் தோற்றம் பற்றிய குறிப்பாகவே இது பெரிதும் விளக்கப்பட்டு வந்துள்ளது. பாதுகாப்பின் தோற்றம் பற்றிய குறிப்பாகவும் இதனைக் கொள்ளலாம். ஏமாற்றப்பட்டவள் முதலில் இருந்தாள். விதி பின்னர் வந்தது. பிற்காலச் சட்டங்கள் அனைத்தும் இவ்வொழுங்கிலேயே பிறந்துள்ளன.

அகநானூற்று 256ஆம் பாடல் இதற்கு ஒரு வழக்கையே காட்டுகிறது. கள்ளூரில் ஒருவன் இளம்பெண் ஒருத்தியின் நலம் நுகர்ந்தபின் அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைக்கிறான். அவையத்தார் சான்று கேட்டு உண்மை தேர்ந்து, அவனை மரக்கிளையிற் பிணித்துத் தலையில் நீறு பெய்கின்றனர். குற்றச்சாட்டு, மறுப்பு, சான்று, தீர்ப்பு, தண்டனை என வழக்கின் கூறுகள் யாவும் இங்கு உள்ளன. ஆயினும் அப்பெண் அதன்பின் எங்குச் சென்றாள் என்பது பாடலின் கவலையன்று. அங்கு அது உவமையாக வந்த செய்தி. மன்றம் அவனை ஒறுத்தது. அவளுக்கு ஒரு வீடு அளித்ததா என்பது கூறப்படவில்லை.

மணமான பெண்ணின் நிலை இதனினும் வேறு. வையாவிக் கோப்பெரும் பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வர் பாடிய ஐந்து பாடல்கள் (143 முதல் 147 வரை) புறநானூற்றில் உள்ளன. நான்கு பெரும்புலவர் ஒரு பெண்ணுக்காக ஒரு மன்னனிடம் சென்றது தமிழிலக்கியத்தில் தனித்துவமான நிகழ்வு. ஆனால் அவர்கள் சென்றது வேண்டுகோளோடு. பரிசிலாகவே அவள்மீது அருளைக் கேட்கின்றனர். புறத்தே நிகழ்ந்த தவற்றுக்கு அவையம் இருந்தது. வீட்டினுள் நிகழ்ந்ததற்குக் கணவனின் அருளன்றி வேறு முறையீட்டு இடம் இல்லை. இந்த வாயிற்படிதான் 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை சட்டமும் தாண்டத் தயங்கிய படி.

சோழர் காலக் கல்வெட்டுகளில் பெண்கள் கொடையளிக்கின்றனர். நிலம் வாங்குகின்றனர், விற்கின்றனர். அவர்களுள் பிராமணப் பெண்கள் சிலர் முதுகண் எனப்பட்ட ஆண் காப்பாளர் வழியாகவே ஆவணம் செய்துள்ளமை கல்வெட்டறிஞர் நன்கறிந்தது. உடைமை இருந்தது, அதனைக் கையாளும் கை வேறொருவருடையது.

எல்லையின் இருபுறம்

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு, கணவனால் பேணப்படாத மனைவிக்கு மாதந்தோறும் ஒரு தொகை பெற வழிசெய்தது. 1973இல் இயற்றப்பட்ட புதிய நடைமுறைச் சட்டத்தில் இது 125ஆம் பிரிவாயிற்று. அதில் விதிக்கப்பட்ட மாதம் 500 ரூபாய் என்னும் உச்சவரம்பு 2001ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. அரிசி விலையும் வீட்டு வாடகையும் ஏறிய அத்தனை ஆண்டுகளிலும் கைவிடப்பட்டவளின் மதிப்பு மட்டும் மாறாதிருந்தது.

மைசூர் சமஸ்தானம் 1933இல் இந்துப் பெண்கள் உரிமைச் சட்டத்தை (1933ஆம் ஆண்டு 10ஆம் எண்) இயற்றியது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் வந்த இச்சட்டம் கூட்டுக்குடும்பச் சொத்துப் பிரிவினையில் தாய், மணமாகா மகள், ஆண் வாரிசின்றி இறந்த பங்காளியின் கைம்பெண் ஆகியோர்க்குப் பங்கு அளித்தது. பிரித்தானிய இந்தியாவில் இதற்கிணையான சட்டம் 1937இல்தான் வந்தது. அதுவும் கைம்பெண்ணுக்கு வாழ்நாள் அனுபவ உரிமையையே தந்தது. சென்னை மாகாணத்தில் இதற்கான குரல் இல்லாமலில்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்கு ஆண்களோடொத்த சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. தீர்மானம் எல்லைக்கு இப்பக்கம். சட்டம் முதலில் வந்தது அப்பக்கம்.

அடுத்த அடியை இப்பக்கம் எடுத்து வைத்தது. 1946இல் மத்தியச் சட்டமன்றம் இயற்றிய இந்து மணமகளிர் தனியுறைவு மற்றும் ஜீவனாம்ச உரிமைச் சட்டம், உடன் வாழ்தல் பாதுகாப்பற்றதாகுமளவு கணவன் கொடுமை செய்யின் மனைவி தனித்து வாழலாம், ஜீவனாம்சமும் பெறலாம் என்றது. 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கும் வழிசெய்தது. மாகாணத்துக்குட்பட்ட ஓசூருக்கு இவை செல்லும். சமஸ்தானத்தில் இயற்றப்படாதவையாதலின் ஆனேக்கலுக்குச் செல்லா. இங்கு ஒன்றை நின்று கவனிக்க வேண்டும். 1946ஆம் ஆண்டுச் சட்டம் கொடுமையைச் சட்டத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தது உண்மை. அது கொடுமைக்குக் கண்ட தீர்வு, கொடுமைக்கு ஆளானவள் வீட்டை விட்டு வெளியேறலாம் என்பதே. அடித்தவன் வீட்டிலிருந்தான். அடிபட்டவள் புறப்பட்டாள், இனி உரிமையோடு.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் இருபுறத்தையும் ஒன்றாக்கியது. பெண்ணின் வரம்புடைய அனுபவ உரிமையை முழு உரிமையாக்கிய அதன் 14ஆம் பிரிவைப் போற்றுவோர் 23ஆம் பிரிவைப் பெரும்பாலும் பேசுவதில்லை. குடும்பத்தினர் குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பிரிவினை கோரலாகாது என்றது அப்பிரிவு. மகள் அவ்வீட்டில் தங்கும் உரிமை பெற வேண்டுமாயின் அவள் மணமாகாதவளாகவோ, கைம்பெண்ணாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, அவனைப் பிரிந்தவளாகவோ இருத்தல் வேண்டும். வழக்கு மொழி வாழாவெட்டி என்றழைத்த நிலையைச் சட்டமொழி ஒரு தகுதியாக்கிக்கொண்டது. புக்ககத்தில் வாழ்பவளுக்குப் பிறந்தகத்தில் இடமில்லை. புக்ககம் அவளை வெளியேற்றிய பின்னரே பிறந்தகத்துக் கதவு சட்டப்படி திறக்கும். நிலத்தில், பணத்தில் பங்கு தந்த சட்டம் வீட்டை மட்டும் விலக்கி வைத்தமை தற்செயல் ஆகாது. இப்பிரிவு 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தால்தான் நீங்கியது.

இடையில் மாநிலங்கள் தாமே திருத்தங்களைச் செய்தன. மகளைப் பிறப்பால் பங்காளியாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலும் கர்நாடகத்தில் 1994 ஜூலை 30 முதலும் நடைமுறையாயிற்று. அந்நாளுக்குமுன் மணமானவர்களை இரு சட்டங்களும் விலக்கின. 1991இல் மணமுடித்த இரு பெண்களை எண்ணிப் பார்க்கலாம். தந்தையின் கூட்டுக்குடும்பச் சொத்து ஓசூர்ப் பக்கம் இருந்தால் ஒருத்தி பங்காளி. ஆனேக்கல் பக்கம் இருந்தால் மற்றொருத்தி பங்காளி அல்லள். இருவரும் ஒரே மொழி பேசி, ஒரே சந்தைக்குச் சென்றிருக்கக்கூடும். கணவன் அடிக்கும் இரவில் போவதற்கு உரிமையுள்ள ஓரிடம் இருப்பதும் இல்லாததும் இத்தகைய நாட்குறிப்பு வேறுபாடுகளால் முடிவாகியுள்ளன.

சிறைவாயில்

தண்டனைச் சட்டங்களின் வரிசை பலரும் அறிந்ததே. 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவும் 1986இல் 304ஆ பிரிவும் சேர்க்கப்பட்டன. கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது 498அ. 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக உள்ளது. தமிழ்நாட்டில் 1992இல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் தொடங்கப்பட்டமை இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கது. முறையிடச் செல்லும் பெண் முதன்முதலாக ஒரு பெண்ணிடம் பேச முடிந்தது.

இவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. வீட்டினுள் நிகழ்வது அரசுக்கு எதிரான குற்றம் என்று முதலில் சொன்னவை இவையே. ஆனால் கணவன் கைதான மறுநாள் அவள் எந்த வீட்டில் சமைப்பாள் என்பதற்கு இச்சட்டங்களில் விடையில்லை. மாமியார் வீடு என்பது பேச்சுத்தமிழில் சிறைக்கு வழங்கும் குறிப்புச்சொல். 498அ பிரிவு கணவனை ஒரு மாமியார் வீட்டுக்கு அனுப்பியது. அதனாலேயே மனைவிக்கு மற்றொரு மாமியார் வீட்டின் கதவு அடைபட்டது. ஆகவே பெண்கள் பலர் புகார் அளிக்கத் தயங்கினர் என்பதும், அளித்தவர் பலர் பின்வாங்கினர் என்பதும் வியப்பன்று. அவற்றைப் பொய்ப்புகார்கள் எனக் கணக்கிடும் போக்கு, பின்வாங்குவோர் எங்கே திரும்பிச் செல்ல வேண்டியிருந்தது என்பதைக் கருதுவதில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவின்கீழ் இயல்பாகக் கைது செய்வதைக் கட்டுப்படுத்தியது. தண்டனைவழி குறுகியது, ஏறத்தாழ அதே காலத்தில் வீட்டுவழி விரிந்துகொண்டிருந்தது.

இரு வரைவுகள்

2002ஆம் ஆண்டு மக்களவையில் அறிமுகமான குடும்ப வன்முறைப் பாதுகாப்பு மசோதாவையும் 2005ஆம் ஆண்டில் நிறைவேறிய 43ஆம் எண் சட்டத்தையும் இரு சுவடிகளைப் போல் ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். 2002இன் வரைவில் வன்முறையாளன் வழக்கமாகத் தாக்குபவனாக இருத்தல் வேண்டும். எத்தனை முறை அடித்தால் வழக்கம் ஆகும் என்பதற்கு வரைவில் எண்ணிக்கை இல்லை. தன்னையோ தன் உடைமையையோ பிறர் உடைமையையோ காக்கும்பொருட்டு ஒருவன் நடந்துகொண்டது நியாயமாயின் அது வன்முறை ஆகாது என்னும் விலக்கும் அதில் இருந்தது. உடைமையைக் காத்தல் என்னும் தொடர் இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. வீடு அவனது உடைமையாயின், வீட்டை விட்டுப் போகமறுக்கும் மனைவியிடமிருந்து அவன் உடைமையைக் காக்கலாம் என்றாகிறது. மனைவி வீட்டில் தங்கும் உரிமை பற்றி அவ்வரைவில் பேச்சில்லை. மகளிர் இயக்கங்கள் எதிர்த்தன. மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குச் சென்றது. 2004இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று.

2005இன் சட்டத்தில் லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பும் இந்திரா ஜெய்சிங்கும் உருவாக்கிய வரைவின் செல்வாக்கு மிகுதி. வழக்கமாக என்னும் அடை நீங்கியது. ஒருமுறை அடிப்பதும் வன்முறையாயிற்று. உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் எனக் கொடுமை நான்காக வகுக்கப்பட்டது. உடைமைக் காப்பு விலக்கு காணாமற் போயிற்று. அவ்விடத்தில் வந்தது 17ஆம் பிரிவு. பகிர்ந்து வாழும் இல்லத்தில் தனக்குச் சட்டப்படி உரிமையோ பங்கோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருத்திக்கு அங்கு வாழும் உரிமை உண்டு. சட்டவழியிலன்றி அவளை வெளியேற்றல் ஆகாது என்பது அதன் சாரம். 19ஆம் பிரிவின்படி நடுவர் கணவனையே வீட்டிலிருந்து வெளியேறப் பணிக்கலாம்; அன்றி, அதே தரத்தில் வேறு உறைவிடமோ அதற்கான வாடகையோ அளிக்கச் சொல்லலாம். பிரித்தானியாவில் 1976ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஆணைக்கு இடமிருந்தது. இச்சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் 2005ஆம் ஆண்டிலேயே (34ஆம் எண்) இப்பொருள் பற்றிச் சட்டம் இயற்றியது.

1946ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இதனை அருகில் வைத்தால் வேறுபாடு விளங்கும். அன்று அவள் வெளியேறலாம் என்றனர். 2005இல் அவள் வெளியேற வேண்டியதில்லை என்றனர்.

யாருடைய வீடு?

சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம் நிறையுமுன் உச்ச நீதிமன்றம் அதன் உயிர்நாடியைத் தொட்டது. 2006 டிசம்பர்த் தீர்ப்பு, பகிர்ந்து வாழும் இல்லம் என்பது கணவனுக்குச் சொந்தமான, அவன் வாடகைக்கு எடுத்த, அல்லது அவன் பங்கு பெற்ற கூட்டுக்குடும்ப வீடு மட்டுமே என்றது. மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் மருமகள் உரிமை கோரலாகாது. புக்ககம் என்பது இந்தியக் குடும்பங்களில் பெரும்பாலும் மாமனார் மாமியார் வீடே ஆதலின், சட்டம் தந்ததைத் தீர்ப்பு பெருமளவு திரும்ப வாங்கிக்கொண்டது. மகன்மீது வழக்கு வந்தால் வீட்டைத் தாய் பெயருக்கு மாற்றிவிடலாம் என்னும் வழியையும் அது காட்டியது. இந்நிலை ஏறத்தாழ 14 ஆண்டுகள் நீடித்தது. 2020 அக்டோபர் 15 அன்று மூவர் அமர்வு இத்தீர்ப்பை மாற்றி, உறவினர்க்குச் சொந்தமான வீடாயினும் அவள் வாழ்ந்த இல்லமாயின் அது பகிர்ந்து வாழும் இல்லமே என்றது.

இரண்டு மாதம் கழித்து, 2020 டிசம்பர் 15 அன்று வந்த தீர்ப்பே இக்கட்டுரைக்கு முதன்மையானது. அதில் எதிர்மனுதாரராகப் பெயர் பெற்றிருப்பவர் பெங்களூரு நகர்ப்புற மாவட்டத் துணை ஆணையர். தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர் எனப்படும் இப்பதவியின் ஆளுகைக்குள்தான் ஆனேக்கலும் அமைந்துள்ளது. கணவர் வாங்கிய வீடு அவர் தந்தைக்கு விற்கப்பட்டு, தந்தையால் தாய்க்குக் கொடையாக அளிக்கப்பட்டது. பின் முதியோர் இருவரும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் (2007) மருமகளை வெளியேற்ற வேண்டும் என விண்ணப்பித்தனர். உதவி ஆணையர் வெளியேற்ற ஆணையிட்டார். துணை ஆணையர் அதனை உறுதி செய்தார். கர்நாடக உயர் நீதிமன்றமும் ஏற்றது. நலிந்தோரைக் காக்கும் இரு சட்டங்கள் ஒரே வீட்டு வாயிலில் எதிரெதிர் நின்றன. உச்ச நீதிமன்றம், மூத்த குடிமக்கள் சட்டத்தின் விரைவு நடைமுறையைக் கொண்டு பெண்ணின் உறைவிட உரிமையை அழிக்க இயலாது எனக்கூறி வெளியேற்ற ஆணையை நீக்கியது. அவள் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பரிகாரம் தேடுவதற்கு ஏற்ப ஓராண்டுக்கு அவளை வெளியேற்றக்கூடாது என்றும் ஆணையிட்டது. முதியோரின் உரிமையை நீதிமன்றம் புறக்கணிக்கவில்லை. இரண்டையும் இயைத்துக் காண வேண்டும் என்றது. ஆயினும் பெயர் மாற்றப் பத்திரத்தைவிட வாழ்ந்த வாழ்வு வலிய சான்று என்னும் கருத்து இதில் நிலைபெற்றது. 2022 மே மாதத் தீர்ப்பு இன்னும் ஒருபடி சென்று, அவ்வில்லத்தில் உண்மையில் குடியிருக்க இடம்பெறாதவளும் அவ்வுரிமையைக் கோரலாம் என்றது.

உரிமையுடையவள் யார் என்னும் வினா இதனோடு பிணைந்தது. திருமணத்தின் தன்மையுடைய உறவில் வாழ்பவளையும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. கோயம்புத்தூரில் தொடங்கிய வழக்கொன்றில் 2010 அக்டோபரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இருவரும் மணஞ்செய்யத் தகுதியுடையோராதல் உள்ளிட்ட நான்கு நிபந்தனைகளை விதித்தது. அத்தீர்ப்பு பயன்படுத்திய, தமிழில் வைப்பு எனப் பெயர்க்கத்தக்க ஆங்கிலச் சொல்லை அப்போதைய கூடுதல் தலைமை வழக்குரைஞர் இந்திரா ஜெய்சிங் கண்டித்தார். தமிழ் மாணவர்க்கு இக்கண்டனம் எளிதில் விளங்கும். தொல்காப்பியம் மனைவிக்குப் புறத்தே நின்றவளையும் காமக்கிழத்தி என்றது. அதாவது அவளுக்கும் ஒருவகைக் கிழமையைச் சொல்லால் தந்தது. வைப்பு என்பதோ பொருளைக் குறிக்கும் சொல். 2013 நவம்பரில் பெங்களூரிலிருந்து சென்ற வழக்கில், மணமான ஆடவனோடு நெடுங்காலம் வாழ்ந்து கைவிடப்பட்ட பெண்ணுக்குக் குற்றவியல் நடுவர் வழங்கிய மாதம் 18,000 ரூபாய் நிலைக்கவில்லை. அத்தகையோரின் துயரைத் தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்ட நீதிமன்றம், சட்டமியற்றுவது நாடாளுமன்றத்தின் பணி என்று நின்றுகொண்டது. அந்த இடைவெளி நிரப்பப்படவில்லை.

ஆனேக்கலில்

2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களுள் கணவனால் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியோர் கர்நாடகத்தில் நூற்றுக்கு 44.4, தமிழ்நாட்டில் 38.1, இந்திய அளவில் 29.3. எல்லையின் இருபுறமும் நாட்டுச் சராசரிக்கு மேலேயே உள்ளன.

ஆனேக்கல் வட்டத்துப் பொம்மசந்திரா, ஜிகினி, சந்தாபுரம், அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பகுதிகளில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. இவர்களுள் பெரும்பாலோர்க்குப் பகிர்ந்து வாழும் இல்லம் என்பது ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அமைந்த ஒற்றையறை வாடகை வீடு. மேலே கண்ட தீர்ப்புகள் சொந்த வீடுகளைப் பற்றியவை. வாடகை வீடும் சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கணவன் வாடகை தராது நின்றாலே உறைவிட ஆணை வெறுந்தாளாகிவிடும். இங்கு லீசு என்றொரு முறையும் வழக்கில் உண்டு. மாத வாடகைக்கு மாற்றாகப் பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்து, காலம் முடிந்ததும் திரும்பப் பெறுவது. தமிழ்நாட்டில் ஒத்தி, போக்கியம் என்பதை ஒத்தது. அத்தொகைக்காக அடகு வைக்கப்படுவது மனைவியின் நகையாகவும், ஒப்பந்தத்தில் எழுதப்படுவது கணவனின் பெயராகவும் இருப்பது அரிதன்று. இதைப் பொருளாதாரக் கொடுமை என்னும் பகுப்பின்கீழ்க் கொண்டுவரச் சட்டத்தில் இடமுண்டு. சீதனத்தை அவளுக்குத் தெரியாமல் கைமாற்றுவதையும் பகிர்ந்து வாழும் இல்லத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் மூன்றாம் பிரிவு வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அதனை அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர்.

கர்நாடகத்தில் இப்பொறுப்பு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கூடுதல் பணியாக ஒப்படைக்கப்பட்டது. அங்கன்வாடிகளையும் சத்துணவையும் மேற்பார்வையிடும் ஒருவரே வீட்டு வாயிலுக்குச் சென்று அறிக்கையும் எழுத வேண்டும். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளங்கண்டு பணிக்க வேண்டும் என மாநிலங்களுக்கு ஆணையிட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்து 18 ஆண்டுகளுக்குப் பின்னும் இதனைச் சொல்ல வேண்டியிருந்தது.

மொழி மற்றொரு தடை. இங்குக் கீழமை நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் கன்னடமே வழக்கு. பேச்சளவில் கன்னடம் அறிந்த தமிழ்ப்பெண்ணும் தான் கையொப்பமிடும் தாளைப் படிக்க இயலாதிருக்கலாம். சொல்லாக்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. ஆங்கிலத் தலைப்பிலுள்ள சொல் இலத்தீனில் வீட்டைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. தமிழில் அது குடும்ப வன்முறையாயிற்று. கன்னடத்தில் கௌடும்பிக தௌர்ஜன்யம். இலங்கைத் தமிழில் மட்டும் வீட்டு வன்முறை என்னும் தொடர் பெரிதும் வழங்குகிறது. வீடு என்பது இடம். குடும்பம் என்பது உறவு. உறவு என்றவுடன் சமரசம் நினைவுக்கு வருகிறது. குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் எனக் காவல் நிலையத்திலும் ஊர்ப்பெரியவர் முன்னிலையிலும் கேட்கும் குரலுக்குச் சட்டத்தின் தமிழ்ப்பெயரே அறியாது துணைபோகிறது. இலங்கை வழக்கே மூலத்துக்கும் சட்டத்தின் உட்பொருளுக்கும் நெருங்கியது என்பது கட்டுரையாளர் துணிபு. பாடநூல்களிலேனும் அதனை மேற்கொள்ளலாம்.

எல்லைக்கு ஒரு நன்மையும் இப்போது உண்டு. 27ஆம் பிரிவின்படி, அவள் நிலையாகவோ தற்காலிகமாகவோ தங்கியுள்ள இடத்தின் நடுவரிடமே விண்ணப்பிக்கலாம். அவர் தரும் ஆணை நாடெங்கும் செல்லும். 498அ பிரிவுக்கும் இதனையொத்த நிலையை 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனேக்கலிலிருந்து பேருந்தேறித் தருமபுரியிலுள்ள தாய்வீடு சேர்ந்தவள், தான் படிக்கக்கூடிய மொழியில் அங்கேயே மனு எழுதலாம். 1933ஆம் ஆண்டிலோ 1949ஆம் ஆண்டிலோ இருபுறத்தையும் பிரித்த கோடு இவ்வளவில் அழிந்துள்ளது.

2006ஆம் ஆண்டு விதிகளோடு இணைந்த முதற்படிவத்தில் அவள் பெயருக்கும் அகவைக்கும் அடுத்து இரண்டு முகவரிகள் கேட்கப்படுகின்றன. முதலில் பகிர்ந்து வாழும் இல்லத்தின் முகவரி. அதன்கீழே தற்போதைய முகவரி. தருமபுரியில் அமர்ந்து அப்படிவத்தை நிரப்புபவள், தாய்வீட்டு முகவரியை இரண்டாவது இடத்தில் எழுதுகிறாள். முதல் இடத்தில் அவள் எழுத வேண்டியது ஆனேக்கல் வீட்டின் கதவிலக்கம்.